ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு ஈறில் ரத்தம்: மாத்திரையை நிறுத்துவதா, பல்லைப் பிடுங்குவதா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. ஈக்கோஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், பிரஷருக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டு, இப்போது குறைத்திருக்கிறார். சில வருடங்களாகவே பல் துலக்கினால் ரத்தம் வரும். இப்போது ஈறு வீங்கி, வாய் நாற்றம் அதிகமாகி, கீழ் முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. ஈறு நோயால்தான் மாரடைப்பு வருகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அதைப் பார்த்துவிட்டு, எல்லாப் பல்லையும் பிடுங்கிப் பல்செட் வைத்துவிடலாம் என்கிறான் தம்பி. பக்கத்து கிளினிக்கில், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை ஐந்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். அம்மாவோ, இதய நோயாளிக்கு ஈறில் ஊசியே போடக் கூடாது, பல் சுத்தம் செய்தால் இருக்கிற பல்லும் ஆடிப்போகும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? எனக்கு வயது 34. துலக்கும்போது எனக்கும் ரத்தம் வருகிறது. இது பரம்பரையா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் மாத்திரை. ஈக்கோஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் இதைப் படித்தவுடன் ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் இருக்கும் உலோக வலை. அதன்மேல் குழாயின் உள்தோல் வளர்ந்து மூடுவதற்குப் பல மாதங்கள் ஆகும். அதுவரை ரத்தம் அந்த உலோகத்தின் மேல் உறைந்துவிடாமல் காப்பவை இந்த இரண்டு மாத்திரைகள்தான். மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருடம் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். பிறகு ஒன்று மட்டும் தொடரும். இடையில் நாமாக நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைத்துக்கொள்ளலாம். அப்படி வரும் மாரடைப்பு பெரும்பாலும் முதல் மாரடைப்பைவிட மோசமாக இருக்கும். உயிரையே எடுத்துவிடவும் கூடும். பல் சிகிச்சை, சிறு அறுவை சிகிச்சை என்று காரணம் சொல்லி இந்த மாத்திரைகளை நிறுத்துவது ஆபத்து என்று 2007-லேயே அமெரிக்க இதய சங்கமும் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து எச்சரித்தன. அதற்குப் பிறகும் 'ஐந்து நாள் நிறுத்திவிட்டு வாருங்கள்' என்ற பேச்சு நம் ஊர்களில் நிற்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பல் எடுத்தால் ரத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கசியும். அவ்வளவுதான். அது கண்ணுக்குத் தெரியும் இடம், விரலால் அழுத்தக்கூடிய இடம். பஞ்சு வைத்து அரை மணி நேரம் கடிக்கச் சொல்லலாம், தையல் போடலாம், ரத்தம் உறைய உதவும் டிரனெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியை வைக்கலாம். வாயில் வரும் ரத்தத்தை நிறுத்த எங்களிடம் இத்தனை வழி இருக்கிறது. ஸ்டென்டில் உறைந்த ரத்தத்தை எந்தப் பல் மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாது. (அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குக் கணக்கு வேறு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்த்த பிறகே பல்லில் கை வைப்போம். அப்பாவின் பட்டியலில் அவை இல்லை.)

சரி, அந்த வீடியோவுக்கு வருவோம். அது முழுப் பொய் இல்லை. ஆனால் ஆராய்ச்சி சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறது.

ஈறு நோய்க்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் நவீன ஆராய்ச்சிக்குள் வலுவாக வந்தது 1989-இல். ஃபின்லாந்தில் மாரடைப்பு வந்த 100 பேரின் வாயையும், அது வராத 102 பேரின் வாயையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு வந்தவர்களின் வாய் மோசமாக இருந்தது. அதன் பிறகு பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள். எனக்கு நம்பிக்கை தருவது சுவீடனில் நடந்த ஆய்வு. அது 2016-இல் வெளியானது. 75 வயதுக்குள் முதல் மாரடைப்பு வந்த 805 பேர். அதே வயதில், அதே பகுதியில் மாரடைப்பு வராத 805 பேர். எல்லோருக்கும் பல் எக்ஸ்ரே எடுத்து எலும்புத் தேய்மானத்தை அளந்தார்கள். மாரடைப்பு வந்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு ஈறு நோய் இருந்தது. வராதவர்களில் 33 சதவீதம் பேருக்கு. புகைபிடித்தல், சர்க்கரை போன்றவற்றைக் கணக்கில் கழித்த பிறகும் ஈறு நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறக்குறைய 28 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது.

இந்த எண்களை நிதானமாகப் பாருங்கள். மாரடைப்பு வராதவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு ஈறு நோய் இருந்திருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இல்லவே இல்லை. தொடர்பு இருக்கிறது, ஆனால் அது பிரஷர், சர்க்கரை, புகையிலை, கெட்ட கொழுப்பு அளவுக்குப் பெரியது அல்ல. அமெரிக்க இதய சங்கம் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி 2012-இல் வெளியிட்ட அறிக்கையும், தொடர்பு உண்டு, ஆனால் ஈறு நோய்தான் இதய நோயை உண்டாக்குகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை என்றே சொன்னது. உங்கள் அப்பாவுக்குப் பத்து வருடச் சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது, புகையிலை இருக்கிறது. இவை மூன்றும் இதயத்தைக் கெடுக்கும்; சர்க்கரையும் புகையிலையும் ஈறையும் கெடுக்கும். அவருக்கு மாரடைப்பு ஈறால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 'முன்னாடியே பல்லைக் காட்டியிருந்தால் வந்திருக்காதோ' என்று வீட்டில் யாராவது குற்ற உணர்ச்சியில் இருந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

ஆனாலும் இந்தத் தொடர்பை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. ஆரோக்கியமான ஈறு பல்லை ஒட்டி இறுக்கமாக நிற்கும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள இடுக்கு 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஈறு நோயில் அந்த இடுக்கு 5, 6 மில்லிமீட்டர், சிலருக்கு அதற்கு மேலும் ஆழமாகி ஒரு பையாகிவிடும். பையின் உள்சுவர் முழுக்கப் புண். வாய் முழுவதும் உள்ள இந்தப் புண்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் பெரும்பாலும் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும். அந்த அளவு புண் காலில் இருந்தால், அதுவும் சர்க்கரை உள்ளவர் காலில் இருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பீர்கள். ஈறுக்குள் வலிக்காமல் இருப்பதால் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

இந்தப் புண் வழியாக, மெல்லும்போதும் துலக்கும்போதும் வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சிறிது சிறிதாக ரத்தத்தில் கலக்கின்றன. அடைத்த ரத்தக் குழாய்களிலிருந்து அறுவை சிகிச்சையில் எடுத்த கொழுப்புப் படிவுகளில் ஈறு நோய்க் கிருமிகளின் மரபணுத் தடயங்களைக் கண்டிருக்கிறார்கள். அங்கே போயிருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. அடைப்பை உண்டாக்கியவை அவைதான் என்பதற்கு அல்ல. இன்னொரு பக்கம், தீராத இந்த அழற்சியால் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. சிஆர்பி கூடுதலாக உள்ளவர்களுக்கு இதய நோய் வாய்ப்பும் கூடுதல் என்பது இதய மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம்.

2007-இல் வெளியான ஒரு சிகிச்சை ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஈறு நோய் முற்றிய 120 பேரில் ஒரு பாதிக்கு ஒரே அமர்வில் ஆழமான சுத்தம் செய்து தீவிர சிகிச்சை கொடுத்தார்கள். மறுபாதிக்கு மேலோட்டமான சுத்தம் மட்டும். தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கு மறுநாளே ரத்தக் குழாய் விரியும் திறன் குறைந்தது. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மற்றவர்களைவிட நன்றாக விரிந்தது. ஈறைக் குணமாக்கினால் ரத்தக் குழாய்க்கு நன்மை உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவருக்கு முழு வாயையும் ஒரே நாளில் தோண்டிச் சுத்தம் செய்யக் கூடாது, பகுதி பகுதியாகத்தான் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

ஈறு சிகிச்சையால் இரண்டாவது மாரடைப்பைத் தடுக்க முடியுமா? அப்படி நிரூபித்த ஆய்வு இல்லை. எனவே 'பல்லைச் சுத்தம் செய்தாயிற்று, இனி இதயத்துக்குப் பயமில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடோர்வாஸ்டாடினும் நடைப்பயிற்சியும் செய்யும் வேலையை ஸ்கேலிங் எனும் பல் சுத்தம் செய்யாது. ஆனால் சர்க்கரையில் பலன் உறுதியாகவே தெரியும். ஈறு நோய்க்கு முறையாக சிகிச்சை எடுத்தால் மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது. கூடுதலாக ஒரு சர்க்கரை மாத்திரை சேர்த்தால் கிடைப்பதற்குச் சற்றே குறைவான பலன் அது. சர்க்கரை கட்டுப்பட்டால் ஈறும் சீக்கிரம் ஆறும். இதயத்தை நினைத்துப் பயந்து வந்திருக்கிறீர்கள். நான் அப்பாவின் ஈறுக்கு உடனே சிகிச்சை வேண்டும் என்று சொல்வது முதலில் அவர் பற்களுக்காகவும் சர்க்கரைக்காகவும்தான்.

தம்பியின் யோசனையைப் பற்றி. எல்லாப் பல்லையும் பிடுங்கும் யோசனை புதிதல்ல; நூறு வருடங்களுக்கு முன்பே உலகம் அதைச் செய்து பார்த்துவிட்டது. வில்லியம் ஹண்டர் என்ற லண்டன் மருத்துவர் 1900-இலும் பிறகு 1910-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் நிகழ்த்திய உரையிலும், வாயிலுள்ள சீழ்தான் உடலின் பல நோய்களுக்கு மூலம் என்று ஆவேசமாகச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மூட்டுவலிக்கும் வேறு பல நோய்களுக்கும் ஏராளமானவர்களின் பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். மூட்டுவலி போகவில்லை, பற்கள்தான் போயின. 1930-களின் இறுதியில் மூட்டுவலி நோயாளிகளைக் கவனமாகத் தொடர்ந்து பார்த்த மருத்துவர்களே இதனால் பயனில்லை என்று எழுதிய பிறகுதான் அந்த வெறி அடங்கியது. அதை நாம் திரும்பச் செய்ய வேண்டாம். 62 வயதில் பல்செட்டோடு வாழ்வது எளிதல்ல. மெல்ல முடியாதவர் காய்கறி, கீரை, சுண்டல், பழம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இட்லிக்கும் குழைந்த சோற்றுக்கும் வந்துவிடுவார். சர்க்கரையும் இதயமும் உள்ளவருக்கு இதைவிடக் கெடுதலான சாப்பாடு இல்லை.

அம்மாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. மாரடைப்பு வந்த புதிதில் அவசரமில்லாத பல் சிகிச்சையை நாங்களே தள்ளிவைப்போம். நான்கு முதல் ஆறு வாரமாவது போகட்டும் என்பது இன்றைய நடைமுறை. சில மருத்துவர்கள் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். அப்பாவுக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. நடந்தால், மாடி ஏறினால் நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இல்லை என்றால், கார்டியாலஜிஸ்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கலாம். மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும்; அதுதான் அம்மா கேள்விப்பட்ட பயத்தின் வேர். இதய நோயாளிக்கு அதன் அளவை 0.04 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்வோம். ஊசி போடாமல் வலியோடு செய்தால் அவர் உடலே அதைவிட அதிகமாக அட்ரினலினைச் சுரந்துவிடும். ஆகவே ஊசி போட்டுச் செய்வதுதான் இதயத்துக்குப் பாதுகாப்பு.

பல் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று அம்மா மட்டும் சொல்லவில்லை, பாதி ஊர் சொல்கிறது. உண்மையில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு ஏற்கெனவே கரைந்துபோயிருக்கும். அந்த இடத்தில் காரை கெட்டியாகப் படிந்து பக்கத்துப் பற்களோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் ஆட்டம் தெரியாது. காரையை எடுத்ததும் இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வற்றுவதால் பல் இடுக்கும் தெரியும், சில வாரம் கூச்சமும் இருக்கும். பிறகு ஈறு இறுகி ஒட்டிக்கொள்ளும்போது பல பற்களில் ஆட்டம் குறைந்துவிடும். அப்பாவின் ஆடும் அந்த இரண்டு பற்களைப் பற்றிக்கூட இப்போதே முடிவெடுக்க வேண்டாம். சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்த்து, பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்ட முடியுமா, எடுத்தாக வேண்டுமா என்று பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் யாரும் கவனிக்காத ஒன்று என் கண்ணில் பட்டது: அம்லோடிபின். அந்த பிரஷர் மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். குறிப்பாக முன்பற்களின் நடுவே ஈறு உருண்டு பருத்து வளரும். அழுக்குப் படிந்த வாயில் இன்னும் அதிகம். அப்பாவின் வீக்கத்தில் அதற்கும் பங்கு இருக்கலாம். இதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. பல் மருத்துவர் பார்த்துவிட்டு அப்படித் தோன்றினால் இதய மருத்துவருக்கு எழுதுவார். அவர் வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று முடிவு செய்வார்.

ஈறு சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் போங்கள். செலவு கவலையாக இருந்தால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும், மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவிலும் பார்க்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு, சமீபத்திய ஹெச்பிஏ1சி மூன்றையும் எடுத்துக்கொண்டு, காலை நேரத்தில், சாப்பிட்டுவிட்டு, எல்லா மாத்திரையையும் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் அது சட்டைப்பையில் இருக்கட்டும். அங்கே ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் பையின் ஆழத்தை அளக்க வேண்டும், எக்ஸ்ரே பார்க்க வேண்டும். அளக்காமல் நேரே மிஷினை எடுத்தால் வேறு இடம் பாருங்கள் என்றே சொல்வேன். ஸ்டென்டுக்காகத் தனியாக ஆன்டிபயாட்டிக் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இதய உள்ளுறையில் தொற்று வந்தவர்கள், சில பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கே அது தேவை.

சிகிச்சைக்குப் பிறகு வலித்தால் பாராசிட்டமால் போதும். மெடிக்கல் ஷாப்பில் பல்வலிக்கு என்று கேட்டால் டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ கையில் வந்துவிடும். மாரடைப்பு வந்தவர்களுக்கு இரண்டும் ஆகாது. ஐபுப்ரோஃபென், ஈக்கோஸ்பிரினில் உள்ள ஆஸ்பிரினின் வேலையையும் கெடுத்துவிடும்.

வீட்டில் மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, காலையும் இரவும் துலக்க வேண்டும். பற்களுக்கு நடுவே நுழையும் சின்ன பிரஷ் ஒன்றை எங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்பா மாதிரி இடுக்கு விழுந்த வாய்க்கு அதுதான் பெரிய மருந்து. ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்தினால் ரத்தம் கூடும். குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிக்கும் மருந்து இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், பல்லில் கறை பிடிக்கும். நல்லெண்ணெய் கொப்பளிப்பது பிடித்திருந்தால் செய்யட்டும். ஆனால் படிந்து கல்லாகிப்போன காரையை எந்த எண்ணெயும் கரைக்காது. புகையிலையைக் குறைத்தது போதாது, விட்டுவிட வேண்டும். இதில் மட்டும் நான் எந்தச் சலுகையும் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்றையும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். நடக்கும்போதோ படி ஏறும்போதோ கீழ்த்தாடையில் வலி வந்து உட்கார்ந்தால் குறைகிறது என்றால் அது பல்வலி அல்ல, இதயத்திலிருந்து வரும் வலியாக இருக்கலாம். உடனே இதய மருத்துவரிடம் போங்கள். வியர்வை, மூச்சுத் திணறல், கை வலி சேர்ந்து வந்தாலோ, உட்கார்ந்த பிறகும் வலி நிற்கவில்லை என்றாலோ பல் மருத்துவரைத் தேட வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக உங்களுக்கு. ஈறு நோய்க்குப் பரம்பரையில் கொஞ்சம் பங்கு உண்டு, ஆனால் 34 வயதில் துலக்கும்போது வரும் ரத்தம் பெரும்பாலும் எலும்பைத் தொடாத ஆரம்பக் கட்டமாகத்தான் இருக்கும். அது முழுவதும் குணமாகும். அப்பாவைக் கூட்டிப்போகும் அன்றே நீங்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அளந்து பார்த்து, ஸ்கேலிங் செய்துகொள்ளுங்கள். கர்ப்பமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்போதும் ஸ்கேலிங் செய்யலாம், நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். சுத்தம் செய்து, ஒழுங்காகத் துலக்கியும் ஒரு மாதத்தில் ரத்தம் நிற்கவில்லை என்றால், அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால், நீங்களும் ஒருமுறை ஹெச்பிஏ1சி பார்த்துவிடுங்கள்.